முறிந்த கொக்கியின் வாய்

அந்தப் பையை மட்டும் இந்தப் பக்கம் தள்ளாதீங்க அக்கா. ஐயோ, தள்ளாதீங்க! ஆங், அங்கேயே இருக்கட்டும். காலுக்கு இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்க, நான் எழுந்து மாற்றி வைக்கிறேன். ஒரு பை உங்கள் காலடியில், ஒரு பை என் மடியில். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். வெடிகுண்டு இல்லை, பயப்படாதீங்க. இரும்புதான். ஒரே கொக்கி, இரண்டு துண்டு.

அவிநாசியில் பஸ் நின்றபோது, கண்டக்டர் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தாரே, அப்போது உள்ளே ஒரு குரல் கேட்டதே, "சேலம் டிக்கெட் மட்டும் உக்காருங்க, மத்தவங்கெல்லாம் எந்திரிங்க, எந்திரிங்க"ன்னு? நாலு பேர் பதறி எழுந்தார்களே? அது நான்தான். நீங்களும் பாதி எழுந்தீங்க. மன்னிச்சுக்குங்க. அந்தக் கண்டக்டர் மூக்கால் பேசுகிறார், கேட்டதும் எனக்கு நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு குரலைக் கேட்டால் அதைப் பேசிப் பார்த்தே ஆக வேண்டும் எனக்கு.

பெயர் மௌனிகா. சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிப்பார்கள். ஒருதடவை நான் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் "மழை காரணமாக நாளை விடுமுறை" என்று சொல்லி, பள்ளிக்கூடமே ஓ என்று கத்தியது. மூன்று நாள் வெளியே நிற்க வைத்தார்கள். மழையே இல்லை அன்றைக்கு. வெயில் பிளந்துகொண்டிருந்தது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங் எடுத்தால் வேலை கிடைக்குமா, உங்கள் பையன் கவுன்சலிங்கில் அதை எழுதலாமா என்றுதானே? எழுதலாம் அக்கா. தாராளமாகக் கிடைக்கும். என் அண்ணனுக்குக் கிடைத்தது. நானும் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்காதீங்க, எல்லாரும் அதையே கேட்கிறார்கள். அண்ணன் எழுதினபோதும் அப்படித்தான். எங்கள் பெரிய மாமா வீட்டுக்கு வந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "ஏனுங் மாப்ள, கம்ப்யூட்டர் கெடைக்கலீங்ளா? அப்ப பையன் என்ன, பழைய இரும்புக் கடையா வெக்கப் போறான்?" என்றார். இதே குரல்தான், நிஜமாகவே இதே குரல். கேட்டால் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைப்பீங்க.

அப்பா பெயர் நாச்சிமுத்து. கோயமுத்தூரில் இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரியில் கிரேன் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷம். மேலே சங்கிலி, சங்கிலியில் கொக்கி, கையில் பட்டன் பெட்டி. மண் அடைத்த அச்சுப் பெட்டியைத் தூக்கி அந்தக் கோடியில் வைக்க வேண்டும். அது அவர் வேலை. இரும்போடேயே இருந்தவருக்கு மகன் இரும்பைப் படிக்கப் போகிறான் என்றால் சந்தோஷம்தானே?

அண்ணன் நவநீதன் காலேஜ் போன முதல் நாள் அவர்கள் வாத்தியார் சொன்னாராம். தொண்டையைச் செருமிவிட்டு, இப்படி: "தம்பிகளா, மனுசன் செய்யற பொருளெல்லாம் ஒருநாள் ஒடையும். அது ஏன் ஒடைஞ்சதுன்னு சொல்றவனுக்கு வேலை இல்லாமப் போகாது." அந்த வாத்தியாரை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் பேசிக் காட்டியதைக் கேட்டு நான் பிடித்தது. அண்ணனுக்கு மிமிக்ரி வராது. நான்தான் சரிபண்ணினேன்.

படித்து முடித்ததும் பீளமேட்டில் ஒரு டெஸ்டிங் லேபில் வேலை. இரும்பை இழுத்துப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. வரும்போது விரலெல்லாம் கறுப்பாக இருக்கும். அப்பா தெருவில் எல்லாரிடமும் "எம் பையன் இரும்புக்கு டாக்டருங்க" என்பார். யாராவது, அப்படி என்றால் மருந்து எழுதுவானா என்று கேட்டால், "இல்லீங்க, செத்ததுக்கப்புறம் பாக்கற டாக்டரு" என்பார். அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீங்க?

போன தை மாசம். பொங்கல் லீவு முடிந்து மூன்றாவது நாள் கொக்கி முறிந்துவிட்டது. பெட்டி தூக்கிக்கொண்டிருக்கும்போதே. கீழே குப்புராஜ் மாமா இருந்தார். அப்பாவோடு ஒரே சைக்கிளில் வேலைக்குப் போன காலத்திலிருந்து சினேகிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் குரலைக் கேட்டுத்தான் டீயே குடிப்பார். "மௌனி, உங்கப்பன் மாதிரி பேசு, உங்கப்பன் மாதிரி பேசு" என்பார்.

உயிர் ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்றால், நாச்சிமுத்து இரண்டு பெட்டியைச் சேர்த்துத் தூக்கினான், பாரம் தாங்காமல் கொக்கி முறிந்தது, தப்பு ஆபரேட்டர் மேல். அப்பா சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "ஒண்ணுதான்." ஒரு பெட்டிதான் தூக்கினேன் என்று. அதற்குப் பிறகு பேசவில்லை. சும்மா சொல்லவில்லை அக்கா, பதினோரு நாள். சாப்பாடு வைத்தால் தட்டைப் பார்ப்பார். டிவி போட்டால் டிவியைப் பார்ப்பார். அணைத்தாலும் அதையே பார்ப்பார்.

யூனியனில் இருதயராஜ் என்று ஒருத்தர். அவர்தான் சண்டை போட்டு, முறிந்த கொக்கியை லேபுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார். கையில் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு லேப் லீவு. "நவநீதா, நீ லேப்ல இருக்கறவன், பத்திரமா வெச்சுத் திங்கக்கெழம கொண்டு போயிரு" என்று அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். அதுவே தப்புத்தானே? ஆபரேட்டர் வீட்டிலேயே கொண்டுவந்து வைப்பார்களா? அதை யாரும் கேட்பதில்லை.

அண்ணன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனித் துணியில் சுற்றினான். தனித்தனிப் பெட்டியில் வைத்தான். என்னைப் பார்த்து, "தொடாதே. ரெண்டையும் ஒண்ணா சேக்கவே கூடாது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஏன் என்று சொன்னானா? இல்லை. ஏன் என்று சொல்லாமல் என்னிடம் ஒன்றைத் தொடாதே என்றால் என்ன நடக்கும் என்று பதினேழு வருஷமாகக் கூட இருக்கிறவனுக்குத் தெரியாதா?

ஞாயிறு காலை அண்ணன் லேப் மேடத்தைப் பார்க்கப் போயிருந்தான். அம்மா, குப்புராஜ் மாமா வீட்டில் சரோஜா அத்தைக்குத் துணையாக இருந்தாள். நானும் அப்பாவும் மட்டும்.

நான் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன் அக்கா. மாமா குரல், பால்காரர் குரல், எதிர்வீட்டு நாய் குரல்கூட. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். மேல் துண்டு குட்டையாக, திருகு போட்ட கழுத்து மாதிரி. கீழ்த் துண்டு கொக்கி. முறிந்த முகத்தில் மண்ணும் கிரீஸும் அப்பிக் கறுப்பாக இருந்தது. இரண்டையும் கையில் பிடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது வாய். மேல்தாடை, கீழ்த்தாடை. அந்த மேனேஜரின் வாயேதான்.

அந்த மேனேஜருக்கு ஒரு பழக்கம். பேசுவதற்கு முன்னால் பல்லை நறநறவென்று கடிப்பார். ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குப் போனபோது கேட்டிருக்கிறேன். அப்பா முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு துண்டையும் வைத்து நற நற நற என்று தேய்த்தேன். அப்புறம் டக் டக் என்று தட்டி, "நாச்சிமுத்தூ... டிசிப்ளின், நாச்சிமுத்தூ... டிசிப்ளின் வேணும்யா" என்றேன்.

முதலில் அப்பாவின் மூக்கில் ஒரு காற்று வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் பல் தெரிந்தது. சிரித்தார் அக்கா. அப்பா சிரித்தார். "இன்னொருக்கா பாப்பா" என்றார். பதினோரு நாளைக்கு அப்புறம் வந்த பேச்சு அதுதான். நான் விடுவேனா? நற நற. டக் டக். "ரெண்டு பொட்டி தூக்குனயா நாச்சிமுத்தூ?" நற நற. "இல்லீங்க மொதலாளி, நான் உங்களத்தான் தூக்குனேன், பாரந்தாங்கல." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. "குப்பா, குப்பா" என்று அழுதார். நல்லா அழுதார். அழுதுவிட்டு எழுந்து மூஞ்சி கழுவி, மூன்று தோசை சாப்பிட்டார். அந்த மூன்று தோசையும் நான் சுட்டது.

நீங்களே சொல்லுங்க. அது தப்பா?

துணியில் முன்னே இருந்த மாதிரியே சுற்றி வைத்துவிட்டேன். முடிச்சுகூட அண்ணன் போடுகிற முடிச்சு.

திங்கட்கிழமை மத்தியானமே அண்ணன் வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாரு அதச் சேத்தது?" என்றான். குரல் ஏறவே இல்லை, தட்டையாக இருந்தது. கேட்கிறதை என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "நான்தான் தம்பி" என்றார். "எப்படி ஒடஞ்சுதுன்னு ஒட்டவெச்சுப் பாத்தேன்."

"எத்தன தடவைப்பா?"

"நெறைய தடவ."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் சொன்னான். ஒரே இழுப்பில் பாரம் தாங்காமல் முறிந்த இரும்பின் முகம் ஒருமாதிரி இருக்குமாம். மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு முறிந்தது வேறு மாதிரியாம். குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் வரிவரியாகக் கோடு நிற்குமே, அது மாதிரி கோடுகள் இருக்குமாம். அந்தக் கோடு இருந்திருந்தால், கொக்கி முன்னமே உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தது, கம்பெனிதான் பார்த்து மாற்றியிருக்க வேண்டும், அப்பா மேல் தப்பில்லை என்று ஆகியிருக்கும். லேபில் கழுவிப் பார்த்தால் கோடும் இல்லை, ஒன்றும் இல்லையாம். வழித்து விட்ட மாதிரி பளபளவென்று இருந்ததாம். "படிக்கறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டீங்களேப்பா" என்றான்.

இந்தக் குளத்துக் கதையைச் சனிக்கிழமையே சொல்லியிருந்தால் என்ன அக்கா? படித்தவன்தானே? என் கோபமெல்லாம் அதுதான்.

நான் ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்பீங்க. எனக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. நிஜமாகவே. காலையிலிருந்தே.

லேபில் அறிக்கை கொடுத்தார்கள். காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்டபோதும் அப்பா நான்தான் என்றார், அதை வைத்து ஒரு லெட்டர் போட்டார்கள். முறிவு முகத்தை ஆபரேட்டரே தேய்த்துச் சிதைத்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே என்று. அந்த ஆகவேயோடு வேலை போயிற்று.

சரோஜா அத்தை வந்தது. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, "நீங்க ரெண்டு தூக்கலீன்னா அத எதுக்குண்ணா தேச்சீங்க?" என்றது. சத்தம்கூடப் போடவில்லை. அப்பா கையைக் கும்பிட்டபடி நின்றார். அத்தை குரலும் எனக்கு வரும். ஆனால் அதை நான் செய்வதில்லை. இப்போதுகூட மெதுவாகத்தான் சொன்னேன், கவனிச்சீங்களா?

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் கேட்டான். "அப்பா, நெசமாச் சொல்லுங்க. ரெண்டு தூக்குனீங்களா?"

"ஒண்ணுதான் தம்பி."

அண்ணன் தட்டிலேயே கை கழுவினான். அடுத்த வாரம் சேலத்தில் வேறு லேபில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். நான்கரை மாசம் ஆகிறது. அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் பேசுவான். என்னிடம் பேசுவான். அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் போனை வைத்துவிடுவான்.

சங்ககிரி வந்துவிட்டதா? இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குமில்ல?

அதனால்தான் நான் ஒரு வேலை செய்தேன். இது யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனால் அரை மணி நேரம் ஆகும். அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். அண்ணனுக்குப் போடுவேன். அப்பா குரலில் பேசுவேன். "தம்பி... சாப்டயா?" முதல் தடவை கட் பண்ணினான். இரண்டாவது தடவை ஒன்றும் பேசாமல் கேட்டான். மூன்றாவது தடவை "ம்" என்றான். இப்போது பேசுகிறான். சேலத்தில் வெயில் எப்படி, மெஸ் சாப்பாடு எப்படி. வைக்கும்போது "ஒடம்பப் பாத்துக்குங்க" என்கிறான். அப்பா இருமுகிற இருமல் வரைக்கும் சரியாகப் போடுவேன். நான் மட்டும் இல்லாவிட்டால் இரண்டு பேரும் அறுந்தே போயிருப்பார்கள் அக்கா. யாராவது சேர்த்து வைக்க வேண்டாமா?

போன ஞாயிறு அண்ணனே சொன்னான். அவன் லேபில் பெரிய மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறதாம். அங்கே ஒரு பெரியவர், முகம் முழுக்க அழிந்திருக்காது, தேய்க்காத ஓரம் ஏதாவது இருந்தால் அதில் கோடு தப்பியிருக்கலாம், ஆனால் எப்படிப் பிடித்துத் தேய்த்தது என்று சரியாகத் தெரிந்தால்தான் எது பழைய தடம் எது புதுத் தடம் என்று பிரிக்க முடியும் என்றாராம். "நெனச்சுப் பாத்துச் சொல்லுங்கப்பா. எப்படி வெச்சீங்க, எந்தப் பக்கம் ஒரசுச்சு?"

அப்பாவுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தானே தெரியும். அதனால் சொன்னேன். அப்பா குரலில்தான். "கொக்கியோட முனை என் நெஞ்சப் பாத்து இருந்துச்சு தம்பி. முன்பக்கம் மட்டுந்தான் ஒரசுச்சு. பின்பக்கம் தொறந்து மூடற மாதிரி, கீல் மாதிரி. பல்லக் கடிக்கறாப்பல... வாயி மாதிரி..."

"வாயி மாதிரியா?" என்றான்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "சரி" என்றான். "கொக்கிய மௌனியே எடுத்துட்டு வரட்டும். தனியா வரட்டும். நான் திட்ட மாட்டேன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்றான்.

என்னை எதற்குத் திட்டப் போகிறான்? அதுதான் எனக்குப் புரியவே இல்லை. கூரியரில் போட்டால் வராதா? இவ்வளவு கனம்.

லேபில் திருப்பிக் கொடுத்த கொக்கி எங்கள் வீட்டில்தான் கிடந்தது. அண்ணன் அதைக் கேட்கிறான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவனாகவே எனக்குப் போன் பண்ணினான் என்றேன். அப்பா என்னையே பார்த்தார். அவருடைய பழைய காக்கிச் சட்டை இரண்டைக் கிழித்து, அவர் கையாலேயே தனித்தனியாகச் சுற்றினார். இரண்டு பையில் போட்டார். காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னல் பக்கம் நின்றார். பஸ் நகரும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தபடி, "பாப்பா, அண்ணன் என்ன கேட்டாலும் நான்தான்னே சொல்லு. என்ன?" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார். அன்றைக்குத் தோசைக்கு முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை இது, வேறே.

அவர் சொன்ன மாதிரியே சொன்னால், எந்தப் பக்கம் உரசியது என்று அண்ணன் காட்டச் சொன்னால் யார் காட்டுவது? அவருக்குக் காட்டத் தெரியாதே. என் கையில் வைத்தால்தான் தெரியும். இப்படி, இந்தக் கை மேலே, இந்தக் கை கீழே. இல்லை, பையை எடுக்காதீங்க, சும்மா கையால் காட்டினேன்.

வந்துவிட்டது. புது பஸ் ஸ்டாண்டு. அதோ, அந்தப் பழக்கடை ஓரம், நீலச் சட்டை. அதுதான் நவநீதன். மெலிந்துவிட்டான் பாருங்க. பஸ் நிற்பதற்குள்ளேயே ஜன்னல் ஜன்னலாகத் தேடுகிறான். கையில் ஒரு துணி வேறு வைத்திருக்கிறான், வாங்கிச் சுற்றுவதற்கு.

ஒரு உதவி பண்ணுங்க அக்கா. உங்கள் காலடியில் இருக்கிற பையை நீங்கள் எடுத்துக்கொண்டு முன்னால் இறங்குங்க. நான் இதை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன். படியில் இரண்டும் இடிக்கக் கூடாது. மெதுவாக. அவசரமில்லை, எல்லாரும் இறங்கட்டும்.

அவன் முதலில் அதைத்தான் கேட்பான். யாரு என்றுதான் கேட்பான்.

அக்கா, எனக்குத் தொண்டை கட்டுகிற மாதிரி இருக்கிறது. உங்களிடம் தண்ணீர் இருக்கிறதா? ஒரு வாய் போதும். குடித்துவிட்டு இறங்குகிறேன்.